டாக்டர்தான் கொலைகாரன்

கொலைக்கதை படிக்கிறவர்களை வெளியே பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. கையில் எப்போதும் வேறு ஏதாவது கனமான புத்தகம் வைத்திருப்பார்கள். தக்கலையில் கணக்கு டீச்சராக இருந்த காலத்தில் பஸ்ஸில் என் மடியில் ஒரு தலையணை நாவல் விரிந்திருக்கும். அதற்குள் செருகிப் படிப்பது வடசேரி பஸ் ஸ்டாண்டில் வாங்கிய மாத நாவல். அட்டையில் கத்தி இருந்தால்தான் எனக்குப் புத்தகம். கத்தியில் ரத்தமும் சொட்டினால் கூடுதல் சந்தோஷம்.

அந்த நேரம் பார்த்துத்தான் பேராசிரியர் வீட்டுச் சம்பந்தம் வந்தது. பையனுடைய அப்பா ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர், இலக்கிய விமர்சகர் வேறு.

"மாச நாவல் படிக்கவங்கள அவரு மனுசக் கணக்குலயே சேக்க மாட்டாரு, பாத்துக்கிடுங்க" என்று தரகர் எச்சரித்திருந்தார்.

அண்ணன் லைப்ரரிக்கு ஓடி, தூக்க முடியாத நாவல்களாகப் பார்த்து எடுத்துவந்து ஷோகேஸில் அடுக்கினான். என் பொக்கிஷங்களை அண்ணன் மனைவி, எங்கள் மைனி, சாக்கில் கட்டி மாட்டுத் தொழுவத்துக்கு அனுப்பினாள். மெத்தைக்கு அடியில் கிடந்த ஒன்றை மட்டும் மறந்துவிட்டேன். (அன்று காலையில்தான் முடித்திருந்தேன், அதுவும் தலை வாருகிற சாக்கில்.)

வந்தார்கள். காப்பி டம்ளரை வாங்கும்போது பையன் "தேங்க்ஸ்" என்றார். எங்கள் வீட்டில் காப்பிக்கு யாரும் தேங்க்ஸ் சொல்லி நான் கேட்டதே இல்லை. அவ்வளவுதான், ஆளை எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. இது எப்படியாவது நடந்துவிட வேண்டுமே என்று வேண்டிக்கொண்டேன்.

முன்னறையில் பேராசிரியர், "தமிழ் நாவல் சீரழிஞ்சு போச்சு" என்றார்.

"ஆமா, கன்னிப்பூ வெளைச்சலும் இந்த வருசம் மோசம்தான்" என்றார் என் அப்பா, நெல்லைத் தவிர வேறெதுவும் அறியாதவர்.

பையனின் அம்மா மட்டும் என்னோடு நாலு வார்த்தை பேச உள்ளே வந்தார். கட்டிலில் உட்கார்ந்தவர் நெளிந்தார். மெத்தைக்கு அடியில் கையை விட்டு அந்தப் புத்தகத்தை உருவினார். அட்டையில் கத்தி. அவர் கண் விரிந்தது. வாசல் பக்கம் ஒருதரம் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"மக்களே, இத நீ படிப்பியா?"

போச்சு, மானம் போச்சு என்று நினைத்தேன். வாய் தானாகவே ஓட ஆரம்பித்தது.

"ஐயோ, நான் தொடவே மாட்டேன் அத்தை! மைனி வாங்கி வச்சது. வெறும் குப்பை. பத்தாவது பக்கத்துலயே தெரிஞ்சிரும், டாக்டர்தான் கொலைகாரன்னு. வெசத்த ஊசியில ஏத்திப் போட்டுட்டு, பழிய தம்பி மேல போட்டுருவான்!" (தொடவே மாட்டாதவளுக்கு இவ்வளவும் எப்படித் தெரிந்தது என்று எனக்கே அப்போது தோன்றவில்லை.)

அவர் முகம் செத்துப்போயிற்று.

"டாக்டரா? அந்த நல்ல மனுசனா?"

யாரைச் சொல்கிறார் என்று எனக்குப் பிடிபடவில்லை. எழுந்தார், தலைவலி என்றார், எல்லாரையும் கிளப்பிக்கொண்டு போயேவிட்டார். எங்கள் பக்கம் பெண்ணைப் பிடித்தால்தான் கை நனைப்பார்கள். பாயசம் உருளியோடு அப்படியே இருந்தது.

வீடே குழம்பியது. "ஏட்டி, அந்தப் பச்ச சேலை வேண்டாம்னு நான் அப்பவே சொன்னேம்லா!" என்றாள் அம்மா. பப்படம் நமுத்துப்போனதுதான் காரணம் என்றாள் மைனி. கன்னிப்பூவைப் பேசியிருக்கக் கூடாதோ என்று அப்பா தனியாகக் கவலைப்பட்டார். நான் கொல்லைப்பக்கம் போய் அழுதேன்.

சில நாள் கழித்துப் பையனே போன் செய்தார்.

"தப்பா நெனைக்காதிய. எங்க அம்மைட்ட என்ன சொன்னிய? யார்ட்டயும் மிண்டாம இருக்கா. நேத்துதான் என்ட்ட மட்டும் வாயத் தொறந்தா. அந்தப் புக்க அவளும் பாதி வரைக்கும் படிச்சிருக்கா."

"அத்தையா? இதையா?"

"அப்பாக்குத் தெரியாம அடுக்களைல வச்சுப் படிப்பா. மாசம் பூரா அவளுக்கு இருக்கது அது ஒண்ணுதான். அதுல போய் கொலைகாரன் பேரைச் சொல்லிட்டிய."

"ஐயோ, அத்தைட்ட நான் மன்னிப்புக் கேட்டேன்னு சொல்லுங்க" என்றேன்.

"ஒண்ணு கேக்கச் சொன்னா. இந்த மாச நாவல் வாங்கியாச்சா?"

"வாங்கியாச்சு" என்றேன், அது என்ன பரீட்சை என்று தெரியாமலே.

"அப்ப அத அவ படிச்சு முடிக்க வரைக்கும் வாயத் தொறக்காண்டாமாம். அடுத்த ஞாயிற்றுக்கிழம பாயசம் குடிக்க வாறோம்."

வந்தார்கள். அத்தை இரண்டு கிண்ணம் குடித்தார்.

இப்போதும் மாத நாவல் வந்தால் முதலில் அத்தைக்கு, பிறகுதான் எனக்கு. உறவில் எந்தப் பெண்ணைப் பார்க்க ஆள் வந்தாலும், "மக்களே, கொலைகாரன் பேரை மட்டும் சொல்லிராத" என்று யாராவது சொல்லாமல் இருப்பதில்லை. கூட்டம் மொத்தமும் சிரிக்கும். பேராசிரியர் மாமா மட்டும் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "எந்தக் கொலை? எனக்கு யாரும் ஒண்ணும் சொல்லலியே?" என்று வருடக்கணக்கில் கேட்டுக்கொண்டிருக்கிறார்.