சமையலறை எந்த மாநிலம்?

அன்புள்ள மச்சானுக்கு,

உன் அத்தான் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அக்காவும் நலம். ஆனால் வேறு வேறு மாநிலங்களில் நலம். பதறாதே, சண்டை ஒன்றும் இல்லை. அவள் முன்னறையில் துணி மடித்துக்கொண்டிருக்கிறாள், நான் சமையலறையில் இருக்கிறேன், நடுவில் எல்லைக்கோடு ஓடுகிறது. உங்கள் பல்கலைக்கழகத்தில் வெளிமாநில மாணவர் பிரிவில் நீ வேலை பார்ப்பது இத்தனை நாளும் எனக்குப் பெருமையாக மட்டும் இருந்தது. இப்போதுதான் உபயோகமாகவும் இருக்கப் போகிறது.

உனக்குத் தெரியும், பத்தொன்பது வயதில் நில அளவையர் வேலை கிடைத்ததும் பட்டப்படிப்பைப் பாதியில் விட்டவன் நான். ஓய்வு பெற்ற பிறகு அந்தப் பாதி மனதை அரித்துக்கொண்டே இருந்ததால்தான் உங்கள் இணையவழி வானியல் பட்டத்தில் சேர்ந்தேன். இரண்டு வருடம் முடியப் போகிறது, கடைசி மூன்று மாதப் பாடமும் தேர்வும் மட்டும் பாக்கி இருந்தது. அந்த நேரம் பார்த்து உங்கள் பிரிவிலிருந்து புது விதி வந்து இறங்கியது. மாணவர் பாடம் கேட்கும் நேரத்தில் எந்த மாநில மண்ணில் உட்கார்ந்திருக்கிறாரோ, அந்த மாநிலம் பல்கலைக்கழகத்துக்கு அனுமதி கொடுத்திருக்க வேண்டுமாம். எங்கள் மாநிலம் கொடுக்கவில்லை. உங்கள் மாநிலத்துக்குள் இருந்துதான் படிக்கிறேன் என்று இந்த மாதம் பதினைந்தாம் தேதிக்குள் எழுதிக் கொடுக்காவிட்டால் என் பதிவு ரத்து, இரண்டு வருட மதிப்பெண்ணும் காலி.

உண்மையைச் சொன்னால் எனக்குக் கோபம் வரவில்லை, மச்சான். இந்த விதியை எழுதியவர் யார் என்று பார்க்கத்தான் ஆசை வந்தது. அவரிடம் கேட்க நிறைய வைத்திருக்கிறேன். ரயிலில் போகும் ஒருவன் பாடம் கேட்கும்போது எல்லை தாண்டினால், பாதிப் பாடத்தை மறந்துவிட வேண்டுமா? கால் இந்த மாநிலத்திலும் தலை அந்த மாநிலத்திலுமாகப் படுத்துக்கொண்டு கேட்டால் எதைக் கணக்கில் எடுப்பீர்கள்? எத்தனையோ ஒளியாண்டுத் தூரத்திலிருந்து வரும் நட்சத்திர வெளிச்சம் எந்த மாநிலத்திடமும் அனுமதி கேட்காமல் நேராக என் மாடிக்கு வருகிறது, அதைப் பற்றிய பாடம் மட்டும் ஏன் வாசலில் நிற்கிறது? கிண்டல் இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும்.

அப்போதுதான் மூளையில் பொறி தட்டியது. எங்கள் தெருவே எல்லையில்தானே இருக்கிறது! வாசல் இந்தப் பக்கம் திறப்பதால் கதவு எண் இந்த மாநிலத்துடையது, அவ்வளவுதான். எங்கள் பக்கவாட்டு முற்றத்துக் குழாயடியில் எல்லைக்கல் இருக்கிறது. நிலம் அளக்கும் என் பழைய சங்கிலியை எடுத்துத் தூசி தட்டி, கல்லிலிருந்து ஜன்னல் வழியாக வீட்டுக்குள் நூல் பிடித்தேன். கோடு சாப்பாட்டு மேசைக்குக் குறுக்கே போகிறது! முன்னறை இந்த மாநிலம், சமையலறை உங்கள் மாநிலம். சுண்ணாம்புக் கட்டியால் தரையில் கோடு போட்டேன். உன் அக்கா துடைப்பத்தோடு வந்து நின்றாள்.

"இது என்ன கூத்து?"

"மாநில எல்லை. அழிச்சுடாதே."

"எல்லையா? எங்கேருந்து அளந்தீங்க?"

"குழாயடிக் கல்லுலேருந்து."

அவள் கல்லைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், ஒன்றும் பேசாமல் போய்விட்டாள். என் தொழில் திறமையில் வாயடைத்துப் போனாள் என்று வைத்துக்கொள்.

அன்றிலிருந்து மூன்று மாதமாக அடுப்புக்கும் மாவு டப்பாவுக்கும் நடுவில் ஒரு முக்காலியில் என் உயர்கல்வி நடக்கிறது. முதல் நாளே அவள் நிபந்தனை போட்டாள்: "என் இடத்துல சும்மா உக்காரக் கூடாது. காது பாடம் கேக்கட்டும், கை காய் நறுக்கட்டும்." வெங்காயம் நறுக்கியபடி நட்சத்திரங்களின் மரணத்தைக் கேட்டேன், கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை. பேராசிரியர் திரையில் பார்த்து மனம் உருகி, "உணர்ச்சிவசப்படாதீங்க ஐயா" என்றார். இங்கே கற்றதை முன்னறைக்குக் கொண்டுபோனால் விதிமீறலா என்று ஒருநாள் அவளிடம் சந்தேகம் கேட்டேன். "செருப்பு மாதிரி கோட்டுப் பக்கத்துல கழட்டி வெச்சுட்டுப் போங்க" என்றாள்.

போன வாரம் ஒத்திகைத் தேர்வு. கணினியைச் சுற்றிக் காட்டச் சொன்னார் மேற்பார்வையாளர். காட்டினேன்.

"பின்னாடி நிக்கறவங்க யாரு?"

"என் மனைவி. இது அவங்க அறை."

"அப்ப நீங்க ஏன் அங்கே இருக்கீங்க?"

விதியை விளக்கி முடிக்கவே இருபது நிமிடம் போனது. பிறகு வாய்மொழிக் கேள்வி: நிலா ஏன் எப்போதும் ஒரே முகத்தைக் காட்டுகிறது? பதிலை யோசித்தபடி நான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தேன். குழம்பைக் கிளறியபடியே உன் அக்கா, "அது நம்மளைச் சுத்தி வர்ற நேரமும் தன்னையே சுத்திக்கிற நேரமும் ஒண்ணு" என்று சொல்லிவிட்டாள். ஒத்திகை ரத்து. அவள் எப்போது கற்றாள் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

ஆகையால் மச்சான், 'சமையலறை மட்டும்' என்று எழுதிய உறுதிமொழிப் படிவமும், நானே அளந்து கையெழுத்திட்ட வரைபடமும் இதோடு இருக்கின்றன. பதினைந்துக்குள் உன் மேலதிகாரியின் மேசையில் வைத்துவிடு. நாற்பத்தைந்து வருடத்து ஆசை அதில் இருக்கிறது. முப்பத்தெட்டு வருடம் கல் பார்த்தவன் நான், என் அளவில் பிசகு இருக்காது என்று தைரியமாகச் சொல்.

நீயும் உன் வீட்டில் எல்லோரும் எந்த மாநிலத்தில் கால் வைத்தாலும் நன்றாக இருக்க வேண்டும் என்று வாழ்த்தும்,
உன் அத்தான்.

பின்குறிப்பு: தம்பி, அக்கா எழுதுகிறேன். தபாலில் போடச் சொல்லிக் கொடுத்தார், படித்துவிட்டுத்தான் ஒட்டுகிறேன். அந்தப் படிவத்தையும் இவர் வரைபடத்தையும் கிழித்துப் போடு. எல்லைக்கல் முதலில் தெருவாசலில்தான் இருந்தது. இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் இவர் ஊர் ஊராக அடுத்தவர் நிலத்தை அளக்கப் போய் நான்கு மாதம் வீட்டுக்கே வரவில்லை. அப்போது துணி துவைக்க நல்ல கல் கிடைக்காமல் கொத்தனாரை வைத்து அதைப் பெயர்த்துக் குழாயடியில் போட்டேன். இன்றுவரை இவர் கவனிக்கவில்லை. வீடு முழுக்க உங்கள் மாநிலம்தான். நம்பிக்கை இல்லையென்றால் அரசாங்க வரைபடத்தை எடுத்துப் பார், கீழே அந்தக் காலத்தில் அதை அளந்த இவருடைய கையெழுத்தே இருக்கும். புதுப் படிவத்தில் 'முழு வீடு' என்று எழுதி, இவர் கையெழுத்தையும் வாங்கி இதோடு வைத்திருக்கிறேன். வழக்கம்போல் படிக்காமல்தான் போட்டார். தேர்வு முடியும்வரை இதை அவரிடம் சொல்லாதே. முதல் நாளே சொல்லியிருப்பேன், ஆனால் கல்யாணமாகி இத்தனை வருடத்தில் இவர் என் பக்கத்தில் தொடர்ந்து மூன்று மாதம் உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை.

இன்னொன்று. சேர்க்கை விண்ணப்பம் ஒன்று என் பெயருக்கும் அனுப்பு. நான் முன்னறையில் உட்கார்ந்து படித்துக்கொள்கிறேன். சமையலறை அவருக்கு நன்றாகப் பழகிவிட்டது.