உங்கள் தங்கை பரீட்சார்த்த நடிகை ஆன விவரம்

மரியாதைக்குரிய மூத்த மைத்துனர் அவர்களுக்கு, தங்கை வீட்டுக்காரன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. என் ரத்த அழுத்தம் நீங்கலாக இங்கு யாவரும் சுகம். அங்கு வீட்டிலுள்ளோரும் உங்கள் முழங்காலும் சுகந்தானே?

விஷயம் இதுதான். உங்கள் தங்கை நாடகத்தில் சேர்ந்துவிட்டாள். தெருமுனைப் பல் டாக்டர்தான் டைரக்டர். பகலெல்லாம் ஊராரை வாயைத் திறக்கச் சொல்கிறவர், சாயங்காலம் எங்கள் கூடத்துக்கு வந்து இவர்களிடமும் அதையே சொல்கிறார். கதாநாயகன் தையல்காரர், வில்லன் எலக்ட்ரீஷியன். தராசு இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்ற எனக்கு என் சொந்த நாற்காலியில் உட்கார இடமில்லை. நாடகத்தில் அது இப்போது கோர்ட்டாம்.

சரி, நடிக்கிறார்களா என்றால் அதுவும் கிடையாது. தங்களை என்னவென்று சொல்லிக்கொள்வது என்பதிலேயே ஒரு மாதம் சண்டை. 'அமெச்சூர் நாடகக் குழு' என்று பேனர் எழுதலாம் என்றார் தையல்காரர். "அது முன்கூட்டியே மன்னிப்பு கேக்கிற மாதிரி இருக்கு" என்றார் டாக்டர். 'பயில்முறை' என்றால், எப்பய்யா பயின்று முடிப்பீங்க என்று கேட்பார்களாம். 'தன்னார்வ' என்று போட்டால் ரத்தம் எடுக்க வந்திருக்கிறார்கள் என்று ஜனம் ஓடிவிடுமாம். கடைசியில் 'பரீட்சார்த்த நாடகக் குழு' என்று முடிவானது. "அப்போ பார்க்க வர்றவங்கதான் சோதனை எலியா?" என்று சும்மா கேட்டுவைத்தேன். ஒருத்தரும் சிரிக்கவில்லை. மாடிவீட்டுக்காரர் இவர்களைப் 'பொழுது போகாத கோஷ்டி' என்கிறார், அதையே பேனரில் போடலாமே என்றேன். பிடித்துக்கொண்டாள் உங்கள் தங்கை. "சம்பளம் வாங்கலைன்னா இளக்காரமா? கல்யாணமான நாள்லேருந்து உங்களுக்குச் சமைச்சுப் போடறேன். எங்கே, என்னை அமெச்சூர் சமையல்காரின்னு சொல்லுங்க பார்ப்போம்!" எலக்ட்ரீஷியன் கைதட்டினார். என் வீட்டு டீயைக் குடித்துக்கொண்டே தட்டினார்.

அதுகூடப் போகட்டும் மச்சான். அவளுக்கு என்ன வேஷம் தெரியுமா? புருஷனை விட்டுப் போகிற பெண்டாட்டி! ஒத்திகை வீட்டிலேயே நடக்கிறது. துணி மடித்துக்கொண்டிருப்பவள் திடீரென்று, "இந்த வீட்ல நான் பேசினா சுவரு கேக்குது, நீங்க கேக்கறதில்ல" என்கிறாள். பதறிப்போய் பேப்பரைக் கீழே வைத்தால், "வசனங்க" என்கிறாள். கொஞ்ச நேரம் கழித்து, "உப்பு தீர்ந்துபோச்சு, வாங்கிட்டு வாங்க" என்றாள். அதுவும் வசனம் போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன். அன்றைக்கு இரண்டு வேளையும் உப்பில்லாமல் விழுங்கினேன். போதாததற்கு, காலிப் பெட்டியைத் தூக்கினால் நடை சரியாக வராது என்று தன் துணிமணியை எல்லாம் நிஜமாகவே அடுக்கி வைத்திருக்கிறாள்.

நாடகத்தன்று முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். பெட்டியும் கையுமாக மேடையின் விளிம்புக்கு வந்தவள், தையல்காரரை அம்போவென்று விட்டுவிட்டு, நேரே என்னைப் பார்த்து அந்தச் சுவர் வசனத்தைச் சொன்னாள். எனக்கு என்ன ஆயிற்றோ தெரியவில்லை, எழுந்து நின்று "போகாதே, பேசு, நான் கேக்கறேன்" என்று கத்திவிட்டேன். பரீட்சார்த்தம் அல்லவா, சபையே எழுந்து கைதட்டியது! யாரோ ஒரு பேராசிரியர் ஓடி வந்து என் கையைக் குலுக்கி, "பார்த்தாலே தெரியுது, நீங்க தொழில்முறை நடிகர்தானே?" என்றார். என் மானம் கப்பலேறிவிட்டது.

ஆகவே தாங்கள் உடனே புறப்பட்டு வந்து, மூத்தவர் என்கிற முறையில் நாலு வார்த்தை கண்டித்துச் சொல்லி, அவளை அந்தக் கோஷ்டியிலிருந்து பிரித்துவிட வேண்டும். பிள்ளைகளுக்கு என் ஆசிகள், தங்கள் முழங்காலுக்கு என் பிரார்த்தனைகள்.

இப்படிக்கு,
நாற்காலி இழந்த மைத்துனன்

பி.கு.: கவரை ஒட்டும் நேரத்தில் பல் டாக்டர் வந்தார். அடுத்த தடவையும் நான் எழுந்து கத்த வேண்டுமாம். "முதல்ல அந்தச் சுவர் வசனத்தை வெட்டுங்க சார். அதை எழுதினவன் உருப்படுவானா?" என்றேன். அவர் விழித்தார். "அதை நாங்க எழுதலையே. ஒத்திகைக்கு வந்த முதல் நாள் உங்க வீட்டம்மாவே சொன்னாங்க. நல்லா இருக்கேன்னு சேர்த்துக்கிட்டோம்."

மச்சான், நீங்கள் வர வேண்டாம். அவளிடம் ஒன்றும் சொல்லவும் வேண்டாம். உள்ளே ஏதோ பேசிக்கொண்டிருக்கிறாள். வசனமா, இல்லையா, தெரியவில்லை. எதுவானாலும் போய்க் கேட்கிறேன்.