இடாப்பர் வாசித்த பெயர்கள்

ஊர்காவற்றுறையில் இடாப்பரிடம் ஏச்சு வாங்காத உயிர் கிடையாது. பாதிரியார் வாங்கினார். ஊருக்குத் தலைவரான விதானையார் வாங்கினார். ஆடு மாடுகூட வாங்கின. நான் ஊர்த் தேவாலயத்தில் மணி அடிப்பவன், பிரேதக்குழி வெட்டுபவன். எனக்குத் தினமும் கிடைத்தது.

அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருந்தது. ஒருவரும் சொல்வதில்லை. ஞானஸ்நானம், கலியாணம், சாவு எல்லாம் பதியும் இடாப்புகள் அவர் பொறுப்பு. அவற்றை அலுமாரியில் பூட்டி, திறப்பை இடுப்பில் கயிறு போட்டுக் கட்டியிருப்பார். குளிக்கும்போதும் கழற்றமாட்டார். அதனால் இடாப்பர்.

மாரி மழை முடிந்ததும் இடாப்புகளை வெயிலில் வைப்பார். பனங்கிழங்கைக் கிழித்து ஒடியல் காயப்போடுவதுபோலத்தான். முற்றத்தில் பாய் விரித்து, பக்கத்தைப் புரட்டிக் கல் வைத்து, பூவரசந் தடியோடு கதிரையில் இருப்பார். ஒருமுறை கண்ணயர்ந்துவிட்டார். ஆடு வந்து கலியாணப் பக்கம் ஒன்றைத் தின்றுவிட்டது. ஆட்டைக் கரம்பொன் வரை துரத்தினார். பக்கம் திரும்பி வரவில்லை.

அந்தப் பக்கத்தில் இருந்தது எழுவைதீவுச் சோடி ஒன்று. என்னையும் இழுத்துக்கொண்டு வள்ளத்தில் போனார். ஞாயிற்றுக்கிழமை வந்து திரும்பவும் கையெழுத்து வைக்க வேண்டும் என்றார். அந்தப் பெண்ணின் இடுப்பில் ஒரு பிள்ளை, காலடியில் ஒன்று.

"அப்ப எங்களுக்கு இன்னும் கலியாணம் முடியேல்லையோ, ஐயா?"

"என்ரை இடாப்பிலை இல்லை. கையெழுத்து வைக்குமட்டும் மனுசனை வேறை அறையிலை படுக்கச் சொல்லும்."

"வீட்டிலை ஒரு அறைதான்."

"அப்ப வள்ளத்திலை படுக்கட்டும்."

மனுசன் வள்ளத்தில்தான் படுத்தாராம். இடாப்பருக்கு அதில் ஒரு பகிடியும் தெரியவில்லை.

சிரித்தது போதும். மிச்சம் சிரிக்கிற கதை இல்லை.

இடாப்பில் இரண்டு வகை இருந்தது. தோல் கட்டிய தடித்த இடாப்பு முன்வாங்கில் சாய்ந்திருக்கும் பெரிய சாதிக் குடும்பங்களுக்கு. மெல்லியது எங்கள் ஆட்களுக்கு. பழைய நாளில் நாங்கள் பின்வாசலால் வந்து பாயில் இருக்க வேண்டும். கர்த்தருக்கு முன்னால் எல்லோரும் ஒன்று என்ற பிரசங்கத்தையும் பாயில் இருந்துதான் கேட்டோம். பிறகு பாய் போய் வாங்கு வந்தது. சாய்மானம் வரவில்லை.

தேவாலயத்துக்குச் சரித்திரம் எழுத ஒரு கமிற்றி கிளம்பியது. தலைவர் யாழ்ப்பாணத்தில் வழக்குப் பேசும் பிரக்கிராசியார். என் அம்மா கேட்டது ஒன்றுதான். புத்தகத்தில் அப்புவின் பெயர் வருமா? அப்பு என் தகப்பன். மணிக்கூண்டு கட்ட முருகைக்கல் சுமந்தவர். தோளில் தழும்போடு செத்தவர்.

பிரக்கிராசியார் தடித்த இடாப்பைக் கேட்டார். இடாப்பர் இரண்டையும் மேசையில் வைத்தார். மெல்லியது தேவையில்லை என்றார் பிரக்கிராசியார். போனால் இரண்டும் போகும், இல்லாவிட்டால் இரண்டும் இங்கே இருக்கும் என்றார் இடாப்பர். பிரக்கிராசியார் குரலைத் தாழ்த்தினார்.

"இப்பிடி ஒரு இடாப்பு இருக்கெண்டு வெளியிலை தெரிஞ்சால் சேர்ச்சுக்கு வெட்கம், அண்ணை."

"வெட்கம் எண்டு தெரியுதோ உமக்கு? நல்லது. அதையும் எழுதும்."

அலுமாரியைப் பூட்டிவிட்டார்.

எங்கள்மேல் அன்பு என்று நினைக்க வேண்டாம். அவரும் முன்வாங்குக்காரர்தான். தான் காயப்போட்ட இடாப்பைத் தேவையில்லை என்று சொல்ல அவன் யார் என்று என்னிடம்தான் கத்தினார். நான்தான் சொன்னதுபோல.

கமிற்றி வீடு வீடாய்க் கேட்டுப் புத்தகத்தை எழுதி முடித்தது. முன்வாங்கு வீடுகளில்தான் கேட்டது. மணிக்கூண்டுக்குக் காசு கொடுத்தவர் படத்தோடு இருந்தார். கல் சுமந்தவர் இல்லை. அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. நான் எழுத்துக் கூட்டி எல்லாப் பக்கமும் பார்த்துவிட்டு, இல்லை என்றேன். அம்மா அடுப்படிக்குப் போனார்.

புத்தகம் வெளியிடும் ஆராதனையில் பிரக்கிராசியார் பேசி முடித்தார். இடாப்பர் எழும்பினார். மெல்லிய இடாப்பைத் திறந்து முதல் பெயரில் இருந்து வாசிக்கத் தொடங்கினார். பெயர், தகப்பன் பெயர், செய்த வேலை. நடுவில் இருமியவருக்கு ஏச்சு. பிள்ளை அழுத தாய்க்கு ஏச்சு. பாதிரியார் ஏதோ சொல்ல வந்தார், அவருக்கும் ஏச்சு.

பிரக்கிராசியார் பின்னுக்கு ஓடிவந்தார். மணிச் சத்தத்தில் வாசிப்பை அமுக்கப் பார்த்தார்.

"மணியை அடியடா."

நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"ஏலாது, ஐயா."

அவர் என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

அப்புவின் பெயர் வந்தது. கல் சுமப்பவர் என்றும் வந்தது. இடாப்பர் வாசிப்பை நிறுத்திக் கண்ணாடிக்கு மேலால் அம்மாவைத் தேடினார்.

"கேட்டுதோ?"

"கேட்டுது, ஐயா."

"அப்ப அழாதையும். மற்ற ஆக்களுக்குக் கேக்காது."

அடுத்த கிழமை அவரிடம் இருந்து திறப்பைப் பறித்தார்கள். முன்வாங்கில் அவருடைய இடத்தில் வேறு ஒருவர் வந்து இருந்தார். இடாப்பர் நேரே எங்கள் வாங்குக்கு வந்தார். மரம்போல இருக்கிறாய், தள்ளியிரு என்று என்னை ஏசினார். சாகும்வரை ஒவ்வொரு ஞாயிறும் அதே ஏச்சு.

இப்போது ஏச ஆளில்லை. நான் இன்னும் தள்ளித்தான் இருக்கிறேன்.