ஞாயிற்றுக்கிழமை ரெக்கார்டிங்

சர்ச்சில் பூசை முடிந்து வீட்டுக்கு வந்த கையோடு டெரன்ஸ் ஒரு சட்டத்தை அறிவித்தான்.

"ஏளா மெட்டில்டா, இனிமே ஞாயித்துக்கெழம பத்துலேர்ந்து பன்னெண்டு வரைக்கும் வீட்டுல ஒரு சத்தம் வரக் கூடாது. மிக்ஸி கூடாது. குழாயத் தொறக்கக் கூடாது. கதவத் தட்டக் கூடாது. உள்ள ரெக்கார்டிங் நடக்கும்."

"அப்ப மீனு?"

"மீன நீ கழுவிக்க."

இந்தக் கடைசி மூன்று வார்த்தைகளுக்காகத்தான் முன்னால் உள்ள சட்டம் முழுவதும் இயற்றப்பட்டது. அந்த ரகசியத்தை நம்மோடு வைத்துக்கொள்வோம்.

விஷயம் பதினோரு வருஷப் பழசு. நிச்சயதார்த்தத்தன்று பெண் வீட்டார் நிறைந்த கூடத்தில், யாரும் கேட்காமலே டெரன்ஸ் அள்ளி விட்டான். "மீன் பாத்து வாங்குறதும் நான், கழுவுறதும் நான். மெட்டில்டா கையில ஒரு செதில் படாது." கூடம் மறந்துவிட்டது. மெட்டில்டா மறக்கவில்லை. கல்யாணமானதிலிருந்து ஞாயிறுதோறும் அவன் செதில் உரசுகிறான். அந்தத் தெருப் பூனைகள் அவனைச் சொந்தக்காரனாகவே நினைத்தன.

ரெக்கார்டிங் பொய்யில்லை. டெரன்ஸுக்குத் துறைமுகத்துப் பக்கம் கப்பல் சரக்குக்குக் காகிதம் போடுகிற ஒரு கிளியரிங் ஆபீஸில் வேலை. அங்கே கொழும்பு என்ற ஒரே ஊரை ஐந்து பேர் ஐந்து விதமாக டைப் செய்ததில், ஒரு கன்டெய்னரின் காகிதங்கள் மூன்று நாள் போன வழியே திரும்பித் திரும்பி வந்தன. மானேஜர் செந்தில்முருகனுக்குப் பொறுமை போய்விட்டது.

"வேய் டெரன்ஸ், உமக்குத்தான் எக்செல் நல்லா வருதே. வாரம் ஒரு சின்ன வீடியோ எடும். திரையில செஞ்சு காட்டும், கூடவே பேசும். சரியா வந்தா மூணு கிளைக்கும் நீருதான் ட்ரெய்னர்."

அந்தப் பதவி மேல் டெரன்ஸுக்கு உண்மையாகவே உயிர். பதினான்கு வருஷமாக அவனை ஆபீஸில் யாராவது கூப்பிட்டால் அது பிரிண்டரில் சிக்கிய பேப்பரை எடுக்கத்தான். அவனுக்குச் சொல்லிக் கொடுக்கப் பிடிக்கும், நன்றாக வரவும் செய்யும். மெதுவாக, தெளிவாக, மவுஸ் அம்பைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு சொல்லுவான். ஒரு பாடத்துக்கு ஆறு நிமிஷம் போதும் அவனுக்கு.

மீதி நூற்றுப்பதினான்கு நிமிஷம் ஹெட்போனோடு கட்டிலில் தூங்குவான்.

பன்னிரண்டு மணிக்குக் கதவைத் திறந்து, "தொண்ட வத்திப் போச்சுளா," என்று வெளியே வருவான். மெட்டில்டா எலுமிச்சை ஜூஸ் கொடுப்பாள். அவள் கையில் மீன் வாசம் அடிக்கும். அவனுக்குக் கொஞ்சம் குற்ற உணர்ச்சி வரும். ஜூஸைக் குடித்ததும் போய்விடும்.

இப்படி ஆறு வாரம் ராஜவாழ்க்கை. ஏழாவது வாரம் மானேஜர் கூப்பிட்டார்.

"இன்னொரு கிளையில பர்னபாஸும் வீடியோ போடுதாரு. அதனால ஒரு பரீட்ச. எக்செல்லத் தொடாத ஒரு ஆளப் பிடியும். உம்ம வீடியோவ மட்டும் பாத்துட்டு அவங்க செய்யணும். அத அப்படியே ரெக்கார்ட் பண்ணி அனுப்பும். நடுவுல நிறுத்தக் கூடாது, வெட்டி ஒட்டக் கூடாது. முக்கியமா, நீரு வாயத் தொறக்கக் கூடாது."

அன்று சாயங்காலம் டெரன்ஸ் அரைக் கிலோ முந்திரி மக்ரூனோடு வீட்டுக்குப் போனான்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதே," என்றாள் மெட்டில்டா.

"அதான் வேணும்."

"சரி. அந்த ஆறு வீடியோவையும் குடுங்க. பாத்துப் படிக்கேன்."

படித்தாள். நோட்டும் பென்சிலுமாக உட்கார்ந்து, ஒவ்வொரு வீடியோவையும் நிறுத்தி நிறுத்திப் பார்த்து, என்னவோ குறித்துக்கொண்டாள். டெரன்ஸுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. படிக்கிற பிள்ளை என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும்.

"லிஸ்ட் போடுத பாடத்தச் செய்யட்டா? தப்பா டைப் பண்ணுனா கம்ப்யூட்டர் ஏத்துக்கிடாதுல்லா, அது."

"அருமையான பாடம்ளா."

"துறைமுகம் பேரெல்லாம் எனக்குத் தெரியாதே."

"வீட்டு விஷயம் எதையாவது போடு," என்றான் அந்தப் புத்திசாலி.

ஞாயிற்றுக்கிழமை, பத்து மணி. மெட்டில்டா லேப்டாப் முன் உட்கார்ந்தாள்.

"நீங்க பேசுனா என்ன ஆவும்?"

"மானேஜர் தள்ளிருவாரு."

"நடுவுல நிறுத்துனா?"

"அதுக்கும் தள்ளிருவாரு."

"நல்லது," என்று சொல்லி ரெக்கார்ட் பட்டனை அழுத்தினாள்.

"வணக்கம். எங்க வீட்டு ஞாயித்துக்கெழம வேலைய வச்சு செஞ்சு காட்டுதேன்." வரிசையாக அடித்தாள். மீன் வாங்குவது. மீன் கழுவுவது. சட்டி கழுவுவது. "இதுக்கு எதுக்க யார் பேரு வரணும்னு லிஸ்ட் போடணும். டேட்டா, அதுல டேட்டா வேலிடேஷன், அதுல லிஸ்ட். இந்தக் கட்டத்துல பேரு. எத்தன பேரு வேணும்னாலும் போடலாம்னு சார் சொல்லிக் குடுத்திருக்காவ. ஒரே ஒரு பேரும் போடலாம்."

போட்டாள். டெரன்ஸ்.

அவன் வாயைத் திறந்தான். அவள் திரும்பாமலே உதட்டில் விரலை வைத்தாள். "ஷ்..."

"தப்பான பேரு அடிச்சா என்ன சொல்லணும்னும் நாமளே எழுதி வைக்கலாம். எர்ரர் அலர்ட்னு இருக்கு." கடகடவென்று எழுதினாள். "இப்ப சோதிச்சுப் பாப்போம்." மீன் கழுவுவது என்பதற்கு எதிரே தன் பெயரை அடித்தாள். டங் என்று பெட்டி ஒன்று குதித்தது.

'10:05-க்கு ஆரம்பித்த சாரின் ரெக்கார்டிங் 10:11-க்கு முடிந்துவிட்டது. மீன் காத்திருக்கிறது.'

டெரன்ஸ் திரையின் வலது கீழ் மூலையைப் பார்த்தான். அங்கே கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. ஆறு வீடியோவிலும் அது ஓடியிருக்கிறது. மவுஸ் அம்பைப் பெரிதாக்கத் தெரிந்தவனுக்கு அந்தக் கடிகாரத்தை மறைக்கத் தோன்றவில்லை. நோட்டில் அவள் என்ன குறித்தாள் என்பது இப்போது விளங்கியது.

அவனால் முடிந்ததெல்லாம் இரண்டு கையையும் கூப்பியதுதான். திரையைப் பதிவு செய்கிற வீடியோவில் அது விழாது.

"கடைசியா, யாரும் மாத்தாம இருக்க ஷீட்டப் பூட்டணும். பாஸ்வேர்ட் போடுதேன். அவ்வளவுதான். நன்றி."

வீட்டில் மிக்ஸி இல்லை, குழாய் இல்லை, அப்படி ஓர் அமைதி.

"இத எப்படிளா அனுப்புவேன்?"

"அனுப்பாண்டாம். பர்னபாஸ் ட்ரெய்னர் ஆவட்டும்."

அனுப்பினான்.

மூன்று கிளையிலும் போட்டுக் காட்டினார்கள். வயிறு வலிக்கச் சிரித்தவர்கள், அன்று மாலைக்குள் ஊர்ப் பெயர்களுக்கு ஒழுங்காக லிஸ்ட் போட்டு முடித்தார்கள். கொழும்பு ஒரே கொழும்பானது. டெரன்ஸ் ட்ரெய்னரானான். சேதி கேட்டதும் மெட்டில்டா சொந்தக்காரர் ஒருவர் விடாமல் போன் போட்டு, "எங்க வீட்டு ஆளு இப்ப ட்ரெய்னராக்கும்," என்று பெருமை அடித்தாள். கேட்டுக்கொண்டிருந்தவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

அடுத்த ஞாயிறு திரேஸ்புரம் கடற்கரையிலிருந்து விளமீன் வாங்கி வந்தான். ஒரு நப்பாசையில் லேப்டாப்பைச் சமையல் மேடையில் வைத்து, ஷீட்டைத் திறக்க நாலைந்து பாஸ்வேர்ட் போட்டுப் பார்த்தான். கல்யாண நாள், மாமியார் பெயர், எதுவும் செல்லவில்லை. கத்தியை எடுத்தான். பாதி மீனில் மானேஜரிடமிருந்து போன் வந்தது. குரல் ரொம்பத் தணிந்திருந்தது.

"வேய், உம்ம வீடியோவ எங்க வீட்டுல பாத்துட்டா. இங்கயும் ஷீட்டு வந்துட்டு. லிஸ்ட்டுல எம்பேரு மட்டுந்தான் இருக்கு." பேச்சோடு கூடவே அவர் கரகரவென்று தேங்காய் துருவும் சத்தம் கேட்டது. "அந்தப் பூட்டத் தொறக்க ஒரு வீடியோ போடும்யா. நீருதான ட்ரெய்னர்."

செதில் ஒட்டிய கையோடு டெரன்ஸ் போய் அறைக் கதவைத் தட்டினான். உள்ளே தாழ் போட்டிருந்தது. ஃபேன் முழு வேகத்தில் சுற்றும் சத்தம் வந்தது.

"ஏளா, அந்தப் பாஸ்வேர்ட மட்டும் சொல்லேன்."

"ஷ்..." என்றது உள்ளேயிருந்து தூக்கக் கலக்கமான ஒரு குரல். "ரெக்கார்டிங் நடக்கு."

டெரன்ஸ் திரும்பிப் பார்த்தான். லேப்டாப் மீன் சட்டிக்குப் பக்கத்தில்தான் இருந்தது.