பின்பக்கமாக நடந்த சாப்பாட்டு வரிசை

முப்பத்துநான்கு ஆண்டுப் பணியில் நான் எழுதிய சுற்றறிக்கைகளில், எல்லோரும் ஒருவர் விடாமல் கடைப்பிடித்தது ஒன்றே ஒன்றைத்தான். அன்றைக்கு இருநூறு பேர் பட்டினி கிடக்கப் பார்த்தார்கள்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் பம்பு தயாரிக்கும் ஒரு கம்பெனியில் நான் நிர்வாக மேலாளர். எங்களை வாங்கியிருந்த ஸ்வீடன்காரர்கள், லார்ஸ் என்ற இயக்குநரை அனுப்பினார்கள். புதிய உற்பத்தி லைனை எங்களுக்குக் கொடுப்பதா, வேறு ஊருக்குக் கொடுப்பதா என்பதை அவர்தான் முடிவு செய்ய வேண்டும். வேறு ஊருக்குப் போனால் எங்களிடம் நாற்பது பேருக்கு வேலை போய்விடும்.

தனக்குத் தனி மேசை வேண்டாம், வரிசையில் நின்றே சாப்பிடுவேன் என்று அவர் முன்கூட்டியே எழுதியிருந்தார். நானோ, பல நாட்டு ஆட்களோடு பழகுவது எப்படி என்று இரண்டு நாள் வகுப்புக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கியவன். (ஃப்ரேம் போட்டு மாட்டினேன். இப்போது பீரோவுக்குப் பின்னால் கிடக்கிறது.) அவர்கள் பழக்கத்தையும் நம் மரியாதையையும் ஒரே சுற்றறிக்கையில் அடக்கினேன். விதி நான்கு: விருந்தினர் வரிசையில் நிற்பார், தடுக்கக் கூடாது. விதி ஏழு: விருந்தினருக்கு யாரும் முதுகைக் காட்டி நிற்கக் கூடாது.

இரண்டையும் சேர்த்துப் படித்தால் என்ன ஆகும் என்பது வகுப்பில் வரவில்லை.

பன்னிரண்டரைக்கு மணி அடித்ததும் லார்ஸ் வரிசையின் கடைசியில் போய் நின்றார். முன்னால் இருந்தவர்கள், முதுகைக் காட்டக் கூடாதே என்று ஒவ்வொருவராக நழுவி அவருக்குப் பின்னால் போனார்கள். தான் முந்திவிட்டதாக நினைத்த அவர், முகம் சிவந்து, மன்னிப்புக் கேட்டபடி மறுபடியும் கடைசிக்குப் போனார். அவர்களும் மறுபடியும் பின்னால் போனார்கள். இப்படியே வரிசை பின்பக்கமாக நடந்து, கேன்டீன் வாசலைத் தாண்டி, டூவீலர் ஸ்டாண்டை அடைந்துவிட்டது. உள்ளே சாம்பாருக்கு முன்னால் ஆளே இல்லை.

ஒரு மணிக்கு லைன் ஓட வேண்டும். எங்கள் லைன் ஒரு நிமிடம்கூடத் தாமதித்ததில்லை என்று காலையில்தான் அவரிடம் பீற்றியிருந்தேன். மணி பன்னிரண்டு ஐம்பது. ஃபிட்டர் முருகேசன் என் காதோரம் வந்தார்.

"சார், ஏழாவத மட்டும் வாபஸ் வாங்கிருங்க சார். பசிக்குது."

திருத்தம் வெளியிட எம்.டி. கையெழுத்து வேண்டும் என்றேன். (நிஜமாகவே அப்படித்தான் சொன்னேன்.)

அப்போது கையில் கரண்டியோடு தனம் வெளியே வந்தார். கள்ளிக்குப்பத்துக்காரர், கேன்டீனில் சாம்பார் ஊற்றுபவர். கேன்டீன் ஆட்கள் கான்ட்ராக்டர் வழியாக வந்தவர்கள் என்பதால், சுற்றறிக்கையின் நகலை நான் அவர்களுக்கு அனுப்பவில்லை. அந்த வளாகத்தில் தெளிவாக இருந்தது அவர்கள் மட்டும்தான்.

"இன்னா சார், சோறு துன்ற நேரத்துல அம்மன் கோயில சுத்துற மாரி சுத்திகினு கீறீங்க?"

லார்ஸின் கையில் ஒரு தட்டைத் திணித்து, மணிக்கட்டைப் பிடித்து உள்ளே இழுத்துவந்தார். முருகேசனை அவருக்கு முன்னால் நிறுத்தினார். என்னைப் பின்னால் தள்ளினார்.

"நைனா, இவன் முதுவப் பாத்துகினே வா. பின்னால நவுந்த, சோறு கெடையாது. சார், உங்களுக்கும்தான்."

விதி ஏழு அத்தோடு செத்தது. என்ன சொல்கிறார் என்று லார்ஸ் என்னிடம் கேட்டார். உங்களை அன்போடு வரவேற்கிறார் என்று மொழிபெயர்த்தேன். அவர் கரண்டியைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். அப்படிச் சொன்ன மாதிரித் தெரியவில்லையே என்றார். பிறகு முருகேசனின் முதுகிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.

லைன் இருபது நிமிடம் தாமதமாக ஓடியது. மாலைக் கூட்டத்தில் லார்ஸ் முதலில் கேட்டது, இங்கே ஆட்களை நிர்வகிப்பது யார் என்று. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஜன்னல் வழியே கேன்டீனைப் பார்த்தேன். அவரும் அங்கேதான் பார்த்துக்கொண்டிருந்தார். யாருடைய உத்தரவுக்கும் காத்திராமல் கோளாறைச் சரிசெய்யும் ஆள் இருக்கிற இடத்தை நம்பலாம் என்று சொல்லி, லைனை எங்களுக்கே கொடுத்தார். நாற்பது பேரின் வேலையும் தப்பியது.

வீட்டில் இந்தக் கதையைச் சொன்னது என் அடுத்த தவறு. இன்றும் யார் முதலில் குளிப்பது என்று தகராறு வந்தால், என் மகள், "அப்பா, விதி ஏழு என்ன சொல்லுது?" என்பாள்.

போன வருடம் காட்டுப்பாக்கத்தில் அவள் கல்யாணம். பஃபே வரிசையில் சம்பந்தி முதலில் போகட்டும் என்று நான் பின்வாங்க, நான் போகட்டும் என்று அவர் பின்வாங்க, இருவரும் ஐஸ்கிரீம் மேசை வரைக்கும் போய்விட்டோம். விருந்தினராக வந்திருந்த தனம், பட்டுப்புடவையில், எதிரே வந்தார். இரண்டு தட்டுகளை எடுத்து எங்கள் கையில் கொடுத்துவிட்டு, வரிசையைக் காட்டினார். இருவரும் போய் நின்றோம்.

"யாருங்க அவங்க?" என்று சம்பந்தி கிசுகிசுத்தார்.

"எங்க மேனேஜர்" என்றேன்.