கறுப்பு மனிதன் கையில் மக்ரூன்

இனிப்பை விட்டுவிடுவது என்று தீர்மானித்தேன். அதாவது, என் மனைவி செண்பகம் தீர்மானித்தாள். நான் தலையாட்டினேன்.

"தினமும் கடற்கரையில நடக்கணும். அடுத்த தடவ ரத்தம் பாக்கும்போது சர்க்கரை எறங்கலைன்னா, கேமராவ என் தம்பிக்குக் கொடுத்துருவேன்."

அவள் தம்பி பாலகணேஷ் செம்பருத்தியைப் படமெடுத்தால் தொட்டி மட்டும் விழும். அந்தக் கையிலா என் கேமரா?

"நீங்க நடந்தியன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"தெனமும் படம் எடுத்துக் காட்டுதேன், போதுமா?"

அன்று சாயங்காலம் லென்ஸைத் துடைத்தபோது என் வாய் சும்மா இருக்கவில்லை.

"ஏளா, இதுல பிராக்கெட்டிங்னு ஒண்ணு இருக்கு. ஒருக்கா அமுக்கினா மூணு படம். ஒண்ணு இருட்டா, ஒண்ணு நடுத்தரமா, ஒண்ணு வெளிச்சமா."

"ஒரே படத்த எதுக்கு மூணு தடவ எடுக்கணும்?"

"சூரியனுக்கு எதிர நிக்கிற ஆளு கறுப்பாத்தான் விழுவான். வெளிச்சப் படத்துல அவன் சட்டைப் பட்டன்கூடத் தெரியும்."

"அதுக்கு எங்கன அமுக்கணும்?"

காட்டினேன். வாத்தியார் மாதிரி இரண்டு தடவை காட்டினேன். அவள் முருங்கைக்கீரை உருவப் போய்விட்டாள்.

என் விளக்கம் எனக்கே பிடித்துப்போயிற்று. கறுப்பாக விழும் ஆள் கையில் என்ன வைத்திருக்கிறான் என்று யாருக்குத் தெரியும்?

மறுநாள் விடிந்ததும் கடற்கரையில் ஸ்டாண்டை நிறுத்தினேன். பிராக்கெட்டிங்கை அணைத்து, நான் கறுப்பாக விழும்படி சூரியனுக்கு வெளிச்ச அளவு வைத்து, டைமரைத் தட்டிவிட்டு ஓடினேன். ஒரு காலைத் தூக்கி நின்றேன். அன்றைய நடை அந்த ஓட்டம்தான். கையில் மக்ரூன் பொட்டலம்; முந்திரியும் சீனியும் கலந்து கூம்பு கூம்பாகச் சுட்ட இனிப்பு. கீழே வைத்தால் காக்கை தூக்கிவிடும். வாயிலும் ஒன்று. அதைக் காக்கை தூக்காது. இருந்தாலும் ஒரு பாதுகாப்புக்கு.

செண்பகம் படத்தைப் பார்த்தாள். பின்னால் சூரியன், ஓரத்தில் துறைமுகக் கிரேன்கள், நடுவில் நடக்கும் கறுப்பு மனிதன்.

"நல்லா நடக்கிய. கையில என்னது?"

"துண்டு. வேர்வை தொடைக்க."

ஒரு வாரம் இப்படியே வேர்த்தேன்.

சனிக்கிழமை வீடு திரும்பியதும் வழக்கம்போல் கேமராவைப் பெருமையாக நீட்டினேன். கறுப்பு மனிதனைப் பார்த்துத் தலையாட்டியவள், கட்டைவிரலால் அடுத்த படத்துக்குத் தள்ளினாள். அடுத்த படமா? மறுபடியும் தள்ளினாள்.

மூன்றாவதில் சட்டைப் பட்டன் தெரிந்தது. உப்பிய கன்னம் தெரிந்தது. மீசையில் வெள்ளைத் தூள் தெரிந்தது.

"ஏங்க, இந்தத் துண்டு கூம்பு கூம்பா இருக்கே."

"நான் பிராக்கெட்டிங்க அணைச்சுல்லா வச்சிருந்தேன்."

"நேத்து நான் போட்டுவச்சேன். நீங்கதான ரெண்டு தடவ காட்டித் தந்திய? மூணு சத்தம் கேட்டிருக்குமே?"

கேட்கவில்லை. மக்ரூன் அவ்வளவு மொறுமொறுப்பு.

"அப்போ கேமரா பாலகணேஷுக்கா?" என்றேன்.

"அவனுக்கு எதுக்கு? இனிமே நானே எடுக்கேன். அந்தப் பொட்டலத்த இங்கன தாங்க."

இப்போது இரண்டு பேரும் கடற்கரைக்குப் போகிறோம். செண்பகம் சிமெண்ட் பெஞ்சில் கேமராவோடு உட்கார்ந்திருப்பாள். மடியில் மக்ரூன் பொட்டலம். அது காலியாகும்வரை நான் நடக்க வேண்டும்.

அவள் மெதுவாகத்தான் தின்பாள்.