அணி இலக்கணப்படி விழுந்த சுவர்

நவம்பர் பன்னிரண்டு, செவ்வாய்க்கிழமை, காலை பத்தேகால், வெளியே அடைமழை. மனித நாகரிகம் தன் உச்சத்தைத் தொட்டது அப்போதுதான்: நகராட்சியின் குறைதீர்ப்புப் பிரிவில் ஒரு மனு 'முழுமையாக' வாசிக்கப்பட்டது.

வாசித்தவர் கண்காணிப்பாளர். இலக்கணத்தை முறையாகக் கற்றவர். மனுவில் உள்ள குறை என்ன என்று பார்ப்பதற்கு முன், அது எந்த அணியில் சொல்லப்பட்டிருக்கிறது என்று பார்ப்பவர். எதிரே சொட்டச் சொட்ட நின்ற பெண் தையற்காரர். தெருக்குழாய் உடைந்து, தண்ணீர் அவர் வீட்டுச் சுவரை அரித்துக்கொண்டிருந்தது. சுவரை ஒட்டித்தான் தையல் மிஷின். குடும்பமே அதை நம்பித்தான்.

"'எங்கள் தெரு ஆற்றைப் போல இருக்கிறது'ன்னு எழுதியிருக்கீங்க. 'போல' வந்தா உவமை. அப்ப அது ஆறு இல்லைன்னு நீங்களே ஒத்துக்கறீங்க. இல்லாத ஆத்துக்கு நாங்க என்னம்மா பண்றது?"

"எழுதினது எங்க நாத்தனார் சார். அவங்க கொஞ்சம் அலங்காரமா எழுதுவாங்க. மாத்திடறேன்."

'எங்கள் தெரு ஓர் ஆறு' என்று மாற்றினார். கண்காணிப்பாளரின் முகம் மலர்ந்தது.

"இது உருவகம்! தெருவே ஆறாயிடுச்சு. ஆனா ஆறு நம்ம பிரிவுல வராதே. நீர்வளத் துறைக்குப் போங்க."

"சார், சுவரு இன்னிக்கோ நாளைக்கோன்னு நிக்குது!"

"உயர்வு நவிற்சி. மிகைப்படுத்தறதுன்னு அர்த்தம். நடந்ததை நடந்தபடி சொல்லுங்கம்மா. அதான் தன்மை நவிற்சி. அதுக்கு உடனே நடவடிக்கை உண்டு."

"நடந்தப்புறம் என்னத்த சார் நடவடிக்கை?"

விதியைத் தளர்த்த அவர் மனசாட்சி இடந்தரவில்லை.

மறுநாள் காலை தையற்காரர் மீண்டும் வந்தார். தலையில் சுண்ணாம்புத் தூள். கையில் நாத்தனாரின் துணையின்றித் தாமே எழுதிய மனு. 'சுவர் விழுந்துவிட்டது. மிஷின் நசுங்கிவிட்டது. நீங்கள் குழாயைச் சரிசெய்யாததால் விழுந்தது.'

கண்காணிப்பாளர் மூன்றாம் வாக்கியத்தில் மெய்சிலிர்த்தார்.

"தற்குறிப்பேற்றம்! தானா நடந்ததுக்கு, நம்ம மனசுல இருக்கிற காரணத்தை ஏத்திச் சொல்றது. பெரிய கவிஞர்களுக்கே லேசுல வராதும்மா!"

"என் மிஷினு?"

"அதுக்குத் தனி மனு."

சொன்னபடியே உடனடி நடவடிக்கை எடுத்தார். 'சுவர் இயல்பாக விழுந்தது. அலுவலகத்தின் அலட்சியத்தால் விழுந்தது என்பது மனுதாரரின் கற்பனை நயம். பாராட்டி, மனு முடித்துவைக்கப்படுகிறது.'

ஒற்றுப்பிழை இருக்கிறதா என்று இருமுறை பார்த்துக் கையொப்பமிட்டார். எழுந்து நின்று, இரு கைகளாலும் ஆணையை நீட்டினார்.

"மழை படாத இடமாப் பார்த்து வீட்டுல பத்திரமா வைங்கம்மா."